அமைதி நோபல் கொடுக்கவில்லைதான்

2019 மே மாதம் கான் திரைப்பட விழாவின் இயக்குநர் தியரி ஃப்ரெமோ பத்திரிகையாளர்களிடம் சொன்ன பதில் எனக்கு இன்னும் ஜீரணமாகவில்லை. பிரெஞ்சு நடிகர் அலென் தெலோனுக்குக் கௌரவத் தங்கப் பனை விருதை அறிவித்திருந்தார்கள். பெண்களை அறைந்ததைத் தொலைக்காட்சியிலேயே ஒப்புக்கொண்டவருக்கா என்று எதிர்ப்பு கிளம்பியது. கையெழுத்து வேட்டையும் நடந்தது. அமைதிக்கான நோபல் பரிசா கொடுக்கிறோம், நடிப்புக்காகத்தானே கொடுக்கிறோம் என்று முடித்துவிட்டார் ஃப்ரெமோ. அன்றிலிருந்து எந்தக் கௌரவ விருதைப் பற்றிக் கேட்டாலும் நம்மூர் ஃபிலிம் சொசைட்டி நண்பர்கள் இதையே எடுத்து நீட்டுகிறார்கள். விழாக்காரர்கள் கலையை மட்டுமே பார்க்கிறார்களாம்.

சரி, கலையையே பார்ப்போம். தெலோனின் நடத்தையை விட்டுவிடுகிறேன். 'தி லெப்பர்ட்' படத்தில் நடித்தவரின் நடிப்பைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

2022 மே 18. அதே கானில் டாம் குரூஸ் செங்கம்பளத்தில் நிற்கிறார். தலைக்கு மேலே பிரெஞ்சு விமானப்படையின் சாகசக் குழு நீலம், வெள்ளை, சிவப்பு என்று தேசியக்கொடி நிறத்தில் புகை கக்கிக்கொண்டு பறக்கிறது. அரங்குக்குள் போனால், முன்கூட்டி யாருக்கும் சொல்லாமல், 'இன்ப அதிர்ச்சி'யாக அவர் கையில் கௌரவத் தங்கப் பனை. கைதட்டல் ஓய்ந்ததும் திரையில் 'டாப் கன்: மேவரிக்'. அடுத்த வாரம் படம் ரிலீஸ். ஒரு விமானப்படையே வந்து போஸ்டர் ஒட்டிக் கொடுத்த படம் வேறு எதுவும் இருக்கிறதா தெரியவில்லை.

சரியாக ஒரு வருடம் கழித்து, அதே மே 18இல், ஹாரிசன் ஃபோர்டுக்கு இன்னோர் இன்ப அதிர்ச்சி. அன்று திரையிட்டது புது இண்டியானா ஜோன்ஸ். 2025இல் டென்சல் வாஷிங்டனுக்கு இன்ப அதிர்ச்சி. அன்று அவர் நடித்த ஸ்பைக் லீ படத்தின் முதல் காட்சி. நாற்பது வருடப் பங்களிப்பு, புதுப் படம் பெட்டியோடு வந்து இறங்கிய மாலையில்தான் இவர்களுக்கு ஞாபகம் வருகிறது! ஸ்டார் வந்தால் கேமரா வரும். கேமரா வந்தால் ஸ்பான்சர் வருவார். ஸ்டூடியோவுக்கோ காசு கொடுத்தாலும் கிடைக்காத விளம்பரம்.

2017இல் இதே பனையை ஜெஃப்ரி காட்சன்பெர்க் வாங்கினார். அவர் நடிகரும் இல்லை, இயக்குநரும் இல்லை. டிஸ்னியிலும் ட்ரீம்வொர்க்ஸிலும் ஸ்டூடியோ நடத்தியவர், 'ஷ்ரெக்'கைக் கானுக்குக் கூட்டிவந்தவர். 2007இல் 'பீ மூவி' விளம்பரத்துக்காக ஜெர்ரி சைன்ஃபெல்ட் தேனீ வேஷம் கட்டி, கார்ல்டன் ஹோட்டல் மாடியிலிருந்து கம்பியில் தொங்கிச் சறுக்கிக்கொண்டு வந்தாரே, அதுவும் இவர் கம்பெனிப் படம்தான். பங்களிப்பு இல்லை என்று யார் சொன்னது? எந்தக் கல்லாவுக்கு என்றுதான் கேட்கிறேன்.

கௌரவ விருதுக்குப் போட்டி இல்லாததால் அதில் அரசியலும் இல்லை என்பார்கள். நடுவர்களே இல்லாத இடத்தில் நிர்வாகம் வைத்ததுதான் சட்டம். ஜப்பானிய அனிமேஷன் ஸ்டூடியோவான ஜிப்லிக்குக் கொடுத்தார்களே என்பார்கள். கொடுத்தார்கள், 2024இல். சந்தோஷம்.

நடுவர்கள் அன்று செய்த தவறை இந்த விருது இன்று திருத்துகிறது என்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய வேடிக்கை. பிரெஞ்சு இயக்குநர் ஆன்யெஸ் வர்தாவின் 'கிளியோ ஃபிரம் 5 டு 7' 1962இல் அங்கே போட்டியில் இருந்தது. வெறுங்கையோடு திரும்பினார். கௌரவப் பனை கிடைத்தது 2015இல், 86 வயதில். அடுத்த படத்துக்குப் பணம் தேடி அலைந்த காலத்தில் வந்திருந்தால் அது திருத்தம். 53 வருடம் கழித்து வந்தால் அது பொன்னாடை.

வங்காள இயக்குநர் மிருணாள் சென்னின் 'காரிஜ்' 1983இல் அதே கானில் நடுவர் பரிசு வாங்கியது. அவர் 2018 வரை உயிரோடு இருந்தார். கௌரவப் பனை கல்கத்தாவுக்கு வரவேயில்லை. ரிலீஸுக்குக் காத்திருந்த ஹாலிவுட் படம் எதுவும் அவரிடம் இல்லையே!

அடுத்த மே மாதமும் யாருக்காவது இன்ப அதிர்ச்சி கொடுப்பார்கள். சிலிர்ப்பதற்கு முன்னால், அவருடைய புதுப் படம் எந்தத் தேதியில் தியேட்டருக்கு வருகிறது என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.