'ஹேட்' என்ற சொல்லை அடிப்பவர்களுக்கு

ஆய்வேட்டுப் படிகளில் சிவப்பு மைக்கு அதிகம் இரையாகும் ஆங்கிலச் சொல் எது என்று கேட்டால், தயங்காமல் 'ஹேட்' என்பேன். விடுதியில் பிற துறை நண்பர்களின் இயல்களைப் படித்துக் கொடுப்பது சில ஆண்டுகளாக எனக்கு ஊதியமில்லாத பகுதிநேரப் பணியாகிவிட்டது. மேற்பார்வையாளரிடமிருந்து திரும்பிய படிகளில் இச்சொல்லைச் சுற்றி ஒரு வட்டமும், அருகே 'கிராமர்' என்ற ஒற்றைக் குறிப்பும் இருக்கும். எது பிழை, ஏன் பிழை என்ற விளக்கம் இராது. மாணவர் ஒன்று, இயல் முழுவதிலும் அச்சொல்லைத் தேடித்தேடி நீக்குவார். இல்லையேல் மொழித்திருத்த நிறுவனத்துக்குப் பணம் கட்டுவார். மாதம் 8,000 ரூபாய் நான்-நெட் உதவித்தொகையில் காலந்தள்ளும் ஒருவருக்கு அந்தக் கட்டணம் சிறிய தொகையன்று. தம் ஆங்கிலம் தேறாது என்ற முடிவுக்கு அவர் வந்துவிடுவது அதைவிடப் பெரிய இழப்பு.

இந்த 'ஹேட்' எங்கிருந்து வருகிறது என்பதைப் பார்ப்போம். 'சம்ஒன் ஹேட் கம் ஃபார் யூ யெஸ்டர்டே' என்று நாம் இயல்பாகச் சொல்கிறோம். இங்கிலாந்திலோ அமெரிக்காவிலோ இதே சூழலில் 'சம்ஒன் கேம்' என்பதே போதும். நம் வாக்கியத்துக்குப் பின்னால் ஓர் ஒழுங்கு இருக்கிறது. தமிழில் 'நேற்று உன்னைத் தேடி ஒருவர் வந்திருந்தார்' என்கிறோம். இந்தியில் 'ஆயா தா', வங்காளத்தில் 'எஷேச்சிலோ', மலையாளத்தில் 'வந்நிருந்நு', கன்னடத்தில் 'பந்தித்தரு'. இந்தோ-ஆரியக் குடும்பமும் திராவிடக் குடும்பமும் இவ்விடத்தில் ஒரே வேலையைச் செய்கின்றன. 'வந்திருக்கிறார்' என்றால் ஆள் இன்னும் இங்கே இருக்கிறார்; 'வந்திருந்தார்' என்றால் வந்தார், போய்விட்டார், அந்த வருகையின் கணக்கு முடிந்துவிட்டது. 'கல்யாணத்துக்கு மாமா வந்திருந்தாரா?' என்று கேட்பவர் இரண்டு நிகழ்ச்சிகளை முன்பின்னாக வரிசைப்படுத்தவில்லை. மூடப்பட்ட ஒரு நிகழ்ச்சியைத் திறந்து பார்க்கிறார். நிகழ்காலத்தோடு தொடர்பறுந்த இத்தகைய இறந்தகாலம் உலகின் பல மொழிகளில் உண்டு. பிளங்கியனும் வான் டெர் ஆவேராவும் 2006இல் இதற்கென்றே ஒரு வகைப்பாட்டுக் கட்டுரை எழுதினர். ஆகவே நம் 'ஹேட் கம்' அறியாமையின் அடையாளமன்று. ஆங்கில வடிவத்துக்குள் நம் மொழிகள் வைத்திருக்கும் ஒரு பொருள் அது.

'எல்லாம் தாய்மொழித் தாக்கம்' என்று இதை ஒரே வரியில் முடித்துவிடும் ஆசிரியர்களோடுதான் எனக்கு வழக்கு. அது பாதி உண்மை. 'நான் போய்ச் சேர்ந்தபோது அவர் கிளம்பியிருந்தார்' என்ற தமிழ் வாக்கியத்தைப் பாருங்கள். ஆங்கில இலக்கண நூல் கேட்கும் பாஸ்ட் பெர்ஃபெக்ட் இதுவேதான். அதாவது, தமிழ் மாணவரிடம் ஆங்கிலம் எதிர்பார்க்கும் பயன்பாடும் இருக்கிறது, அதற்கு மேல் இன்னொன்றும் இருக்கிறது. அவரிடம் இல்லாததைக் கற்பிக்க வேண்டியதில்லை; இருக்கும் இரண்டில் எழுத்து ஆங்கிலம் எதை ஏற்கிறது என்று காட்டினால் போதும். இந்த எளிய வேலையைப் பள்ளியும் செய்வதில்லை, பல்கலைக்கழகமும் செய்வதில்லை.

பள்ளி செய்வது வேறு. 'இறந்தகாலத்தில் இரண்டு செயல்கள் நடந்தால், முந்தியதற்குப் பாஸ்ட் பெர்ஃபெக்ட்' என்ற சூத்திரத்தை மனப்பாடம் செய்விக்கிறது. கூடவே, பல தலைமுறைகளாக நம் வகுப்பறைகளில் இறந்துகொண்டே இருக்கும் அந்த நோயாளி வருகிறார்: மருத்துவர் வருவதற்கு முன்பே நோயாளி இறந்துவிட்டார். இதை மொழிபெயர்க்கையில் 'ஹேட் டைட்' போடாவிட்டால் மதிப்பெண் போகும். ஆனால் 'பிஃபோர்' என்ற சொல்லே எது முந்தியது என்று சொல்லிவிடுவதால், அங்கே 'டைட்' என்று எழுதினாலும் நல்ல ஆங்கிலமே. 'பிஃபோர்' இருந்த இடத்தில் 'வென்' வைத்தால்தான் 'ஹேட்' உயிர் பெறுகிறது. 'வென் த டாக்டர் கேம், த பேஷண்ட் ஹேட் டைட்' என்றால், மருத்துவர் வரும்போது உயிர் போயிருந்தது. 'ஹேட்' இல்லாமல் 'த பேஷண்ட் டைட்' என்றால், மருத்துவரின் வருகையே காரணமோ என்று உறவினர்கள் ஐயுற இடமுண்டு. சூத்திரம் எந்த இடத்தில் கட்டாயப்படுத்துகிறதோ அங்கே 'ஹேட்' தேவையில்லை. தேவைப்படும் இடத்தைச் சூத்திரம் தனியே சுட்டிக்காட்டுவதுமில்லை.

1947இல் ஹான்ஸ் ரைஹன்பாக் தம் தருக்கவியல் நூலில் இதை மூன்று புள்ளிகளால் விளக்கினார்: பேசும் நேரம், நிகழ்ச்சி நடந்த நேரம், நாம் நின்று நோக்கும் நேரம். சாதாரண இறந்தகாலத்தில் நிகழ்ச்சியும் நோக்குமிடமும் ஒன்றே. பாஸ்ட் பெர்ஃபெக்டில் நாம் இறந்தகாலத்தின் ஒரு புள்ளியில் போய் நின்று, அங்கிருந்தும் பின்னோக்கிப் பார்க்கிறோம். எனவே நிகழ்ச்சி எவ்வளவு பழையது என்பது இங்கே கேள்வியே இல்லை. ஐந்து நிமிடத்துக்கு முந்தியதற்கும் 'ஹேட்' வரலாம். அசோகர் காலத்துக்கு வராமலும் போகலாம். நோக்குமிடம் எங்கே என்பதுதான் கேள்வி. அது பெரும்பாலும் முந்தைய வாக்கியத்திலோ முந்தைய பத்தியிலோ இருக்கும். கோடிட்ட இடத்தை நிரப்பும் ஒற்றை வாக்கியப் பயிற்சியால் இதைக் கற்பிக்க முடியாததற்குக் காரணமும் அதுவே.

ஆய்வெழுத்தில் இது எவ்வளவு கனமானது என்பதற்கு என் துறையிலிருந்தே ஒரு சான்று. திராவிட மொழியியலின் வரலாற்றை எழுதும் மாணவர், 1786இல் வில்லியம் ஜோன்ஸ் 'ஹேட் ஸ்போக்கன்', 1816இல் எல்லிஸ் 'ஹேட் ரிட்டன்', 1856இல் கால்டுவெல் 'ஹேட் பப்ளிஷ்ட்' என்று அடுக்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். பழையவை எல்லாவற்றுக்கும் ஒரே உடை. 'எதற்கு முன்?' என்று வாசகர் ஒவ்வொரு முறையும் காத்திருந்து ஏமாறுகிறார். சிவப்பு மை மூன்றையும் அடித்துவிட்டால் வாக்கியங்கள் இலக்கணப்படி தேறிவிடும். ஆனால் அந்தப் பத்தி சொல்லியிருக்க வேண்டிய செய்தி வேறு: கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் வெளிவந்தபோது, தென்னிந்திய மொழிகள் சமஸ்கிருதத்திலிருந்து பிறந்தவையல்ல என்பதைச் சென்னை ஆட்சியர் எல்லிஸ், கேம்பலின் தெலுங்கு இலக்கண முன்னுரைக்கு எழுதிய குறிப்பில் நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே காட்டியிருந்தார். தாமஸ் டிரவுட்மன் 2006இல் ஒரு முழு நூலில் விரித்துரைத்த முதன்மையுரிமை வாதம் இது. இதை ஒரு வாக்கியத்தில் அடக்கும்போது அந்தப் பாரத்தைத் தாங்குவது அந்த ஒரு 'ஹேட்'தான். மூன்றையும் வைத்தாலும் வாதம் தெரியாது, மூன்றையும் அடித்தாலும் தெரியாது. எல்லிஸுக்கு மட்டும் வைத்தால் தெரியும்.

களப்பணி இயல்களில் விளைவு இன்னும் நேரடியானது. 'ஒலிப்பதிவு தொடங்கியபோது தகவலாளிகள் ஒப்புதல் படிவத்தில் கையொப்பமிட்டிருந்தனர்' என்பதற்கும், 'தொடங்கியபோது கையொப்பமிட்டனர்' என்பதற்கும் இடையே உள்ள வேறுபாட்டை எந்த நெறிமுறைக் குழுவும் கவனிக்கும். கண்ணை மூடிக்கொண்டு எல்லா 'ஹேட்'டையும் நீக்கிய மாணவர், ஒழுங்காகச் செய்த ஆய்வை ஒழுங்கற்றதாக எழுதிவைக்கிறார்.

'இந்திய ஆங்கிலம் தனி வகை. அதன் போக்கில் விடுங்களேன்' என்று சமூகமொழியியல் நண்பர்கள் சொல்வார்கள். பேச்சிலும் மின்னஞ்சலிலும் எனக்கு அது முழுச் சம்மதம். 'ஐ ஹேட் கான் டு டெல்லி' என்பவரைப் பார்த்து நகைப்பவரிடம்தான் குறை. ஆய்வேட்டில் மட்டும் நான் ஒப்பவில்லை. லண்டன்காரர் முகஞ்சுளிப்பார் என்பதற்காக அன்று. முடிந்துபோன எல்லாவற்றுக்கும் 'ஹேட்' போட்டுவிட்டால், முன்னதற்கும் முன்னதைக் காட்ட எழுத்தில் நம் கையில் ஒரு கருவி குறைந்துவிடுகிறது. நம் நாளிதழ்களைப் பாருங்கள். உச்ச நீதிமன்றம் 'ஹேட் ஆன் மண்டே' தடை விதித்தது என்பது, இன்றைய செய்திக்குப் பின்னணியாக வரும்போது பொருத்தமாகவே அமைகிறது. அந்த வரியைத் தனியே பெயர்த்துக்கொண்டு வந்து இயலின் முதல் வாக்கியமாக வைக்கும்போதுதான் அது அந்தரத்தில் தொங்குகிறது.

இன்னொன்று. 'இஃப் ஐ ஹேட் நோன்' என்பதைப் பெரும் புதிராகப் பயிற்றுவிக்கிறார்கள். 'தெரிந்திருந்தால் சொல்லியிருப்பேன்' என்பதில் அதே 'இரு' உட்கார்ந்திருப்பதை ஒருவரும் சுட்டுவதில்லை. நடவாததைச் சொல்ல இரு மொழிகளும் எட்டத்து இறந்தகாலத்தையே நாடுவது ஏன் என்பது தனிக் கட்டுரைக்கு உரியது.

முனைவர் பட்டத்துக்குமுன் பாடநெறி கட்டாயம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2009இல் விதி செய்தது. ஆய்வு நெறிமுறை என்ற பெயரில் அங்கே மேற்கோள் வடிவங்களுக்குப் பல வாரங்கள் செலவாகின்றன. அதில் ஒரு பிற்பகலை இதற்கு ஒதுக்கலாம். மாணவர் தம் இயலிலிருந்து ஒரு பக்கத்தைக் கொண்டுவரட்டும். ஒவ்வொரு 'ஹேட்'டுக்கும் நேரே, 'நான் எந்த ஆண்டில், எந்த நாளில் நின்றுகொண்டு இதைத் திரும்பிப் பார்க்கிறேன்?' என்பதற்கான விடையைத் தமிழிலோ இந்தியிலோ ஓரத்தில் எழுதட்டும். விடை இருந்தால் சொல் இருக்கட்டும். விடை எழுத வராத இடத்தில் அவரே அடித்துக்கொள்வார்.