புளிக்கவைத்த சீரம் தோல் அரிப்பை அடக்குமா? வாங்கும் முன் இதைப் படிங்க!

கொரியன் சீரம் பாட்டிலைத் திருப்பிப் பார்த்தால், 'ஃபெர்மென்ட் ஃபில்ட்ரேட்' என்ற வார்த்தை அடிக்கடி கண்ணில் படும். சோயா, அரிசி, ஜின்செங் போன்றவற்றில் ஈஸ்ட்டையோ லாக்டோபேசில்லஸையோ சேர்த்துப் புளிக்கவைத்து வடிகட்டிய திரவம் அது. சிவந்து அரிக்கும் சருமத்தை அமைதிப்படுத்தும் என்பது விளம்பரம். பெரியவர்கள் முகத்தில் பூசுவதோடு நின்றால் பரவாயில்லை. 'இயற்கைதானே' என்று எக்ஸிமா உள்ள குழந்தைக்கும் தடவும்போதுதான் சிக்கல்.

இட்லி மாவு புளிப்பதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அடிப்படை எளிதில் புரியும். நுண்ணுயிரிகளின் என்சைம்கள் பெரிய மூலக்கூறுகளை வெட்டிச் சிறிதாக்குகின்றன. ஜின்செங்கில் உள்ள ஆர்.பி-1 என்ற பொருளின் எடை சுமார் 1,109 டால்டன். நொதித்தலில் அதோடு ஒட்டியிருக்கும் சர்க்கரைகள் கழன்று, சுமார் 623 டால்டன் உள்ள 'காம்பவுண்ட் கே' ஆகிறது. தோலுக்குள் எளிதாக நுழைய 500-க்குக் கீழே இருக்க வேண்டும் என்பது தோல் மருத்துவத்தில் பொதுவான கணக்கு. அதாவது, பாதியாக இளைத்தும் வாசல் இன்னும் குறுகல்தான்!

சரி, 'வீக்கத்தைக் குறைக்கும்' என்பதை எப்படிச் சோதிக்கிறார்கள்? பெரும்பாலும் கண்ணாடித் தட்டில். வளர்க்கப்பட்ட தோல் செல்களைப் புற ஊதாக் கதிராலோ ரசாயனத்தாலோ சீண்டுவார்கள். செல்கள் அபாய மணி அடிப்பதுபோல ஐ.எல்-6, ஐ.எல்-8 போன்ற புரதங்களை வெளியிடும். புளித்த சாற்றை ஊற்றியதும் அந்த அளவு குறைந்தால், ரிசல்ட் பாசிட்டிவ். ஆனால், தட்டில் இருக்கும் செல்லுக்கு மேலே நம் தோலில் இருப்பதுபோல இறந்த செல்களாலான கவசம் கிடையாது. சாறு நேராக செல்லைத் தொட்டுவிடுகிறது.

இதில் அதிகம் பேசப்படுவது ஜப்பானின் கேலக்டோமைசிஸ். இது தாவரமல்ல, ஈஸ்ட் வகை. சாகே மது வடிக்கும் முதியவர்களின் கைகள் மட்டும் மிருதுவாக இருந்ததைப் பார்த்துக் கண்டுபிடித்தோம் என்பது எஸ்கே-டூ நிறுவனம் சொல்லும் கதை. கதையை விடுங்கள், ஆய்வு சுவாரஸ்யமானது. தோலின் கவசத்தைக் கட்டிக்காக்கும் ஃபிலாக்ரின் என்ற புரதம், எக்ஸிமாவில் குறைந்துபோகும். ஏ.எச்.ஆர் என்ற சுவிட்ச்சைத் தட்டி அந்தக் குறைவை இந்த ஈஸ்ட் சாறு தடுப்பதாக, கியூஷு பல்கலைக்கழகத்தினர் 2015-ல் எழுதினார்கள். அதுவும் செல்களில் பார்த்ததுதான்.

அதே சுவிட்ச்சைத் தட்டும் டாபினாரோஃப் என்ற மூலக்கூறும் ஒரு நுண்ணுயிரியிடமிருந்து கிடைத்ததே. ஆனால், அது நோயாளிகளிடம் பல கட்டங்களாகச் சோதிக்கப்பட்டு, அமெரிக்காவில் 2022-ல் சொரியாசிஸுக்கும், 2024 டிசம்பரில் எக்ஸிமாவுக்கும் மருந்தாக அனுமதி பெற்றது. சீரம்கள் அழகுசாதனப் பொருள்களாக விற்கப்படுபவை. இந்தத் தேர்வை அவை எழுதத் தேவையில்லை.

அடுத்து, ரீல்ஸைப் பார்த்து வீட்டில் புளிக்கவைக்கும் அரிசித் தண்ணீர். ஆலையில் எந்த நுண்ணுயிரி என்று தேர்ந்தெடுத்து வளர்த்து, வடிகட்டுகிறார்கள். வீட்டுப் பாட்டிலில் எது வளர்ந்தது என்று யாருக்கும் தெரியாது. நீராகாரம் குடிப்பது வேறு, சொறிந்து புண்ணான தோலில் அதை ஊற்றுவது வேறு. எக்ஸிமா தோலில் ஸ்டெஃபைலோகாக்கஸ் கிருமி ஏற்கெனவே அதிகம். கவசம் உடைந்த இடத்தில் புளிப்பு அமிலம் எரியும். சீரமில் உள்ள வாசனைப் பொருளும் அதே வழியாகச் சுலபமாக உள்ளே போகும்.

பெரியவர்கள் சீரமை முயன்று பார்க்க விரும்பினால், வாசனை சேர்க்காததாக வாங்கி, முழங்கை மடிப்பில் சின்ன இடத்தில் தினம் இரண்டு முறை, 7 முதல் 10 நாள்கள் பூசிப் பாருங்கள். சிவந்தால் உடனே கழுவிவிட்டு நிறுத்துங்கள். குழந்தைக்கு டாக்டர் கொடுத்த ஆயின்ட்மென்ட்டை மட்டும் இதற்காக நிறுத்த வேண்டாம். தோலில் நீர் கசிந்தாலோ, மஞ்சளாகப் பொருக்கு தட்டினாலோ, கூடவே காய்ச்சல் வந்தாலோ அது தொற்றாக இருக்கலாம். அன்றைக்கே டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.