கார்களை நிறுத்தட்டும், மனிதர்களை அல்ல

கந்த சஷ்டி நாட்களில் திருச்செந்தூருக்கு வரும் வெளியூர் வாகனங்கள் ஊருக்கு வெளியே தற்காலிக நிறுத்துமிடங்களில் தடுக்கப்படுகின்றன. காவல்துறை நினைத்தால் தெருக்களை நடப்பவர்களுக்கு விட்டுக்கொடுக்க முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. விடுமுறை நாட்களில் மட்டும் ஏன் முடியவில்லை என்று குடியிருப்போர் கேட்டால், அது நியாயமான கேள்வி.

நெதர்லாந்தில் 1971ஆம் ஆண்டு சாலை விபத்துகளில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவர்களில் நானூறுக்கும் மேற்பட்டோர் குழந்தைகள். பெற்றோர்கள் சாலையில் இறங்கிப் போராடிய பிறகே அங்குக் குடியிருப்புத் தெருக்களில் கார்களின் வேகம் கட்டுப்படுத்தப்பட்டது. அத்தகைய போராட்டம் இங்கும் எழுவதை நாம் வரவேற்கிறோம்.

ஆனால் ‘தெருவை அடையுங்கள்’ என்னும் சொல் நம் செவியில் வேறுவிதமாகவும் விழுகிறது. வைக்கத்தில் கோயிலைச் சுற்றிய தெருக்களில் நடப்பதற்காகவே 1924 மார்ச் முதல் 1925 நவம்பர் வரை போராட வேண்டியிருந்தது. அப்போதும் கிழக்குத் தெரு திறக்கப்படவில்லை. மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் 1989இல் எழுப்பப்பட்ட சுவரின் ஒரு பகுதி 2008 மே 6 அன்றுதான் இடிக்கப்பட்டது. பொது இடத்தில் தலித் ஒருவர் மிதிவண்டியோ மோட்டார் சைக்கிளோ ஓட்டுவதைத் தடுப்பதை வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015ஆம் ஆண்டுத் திருத்தம் தனிக் குற்றமாகவே குறிப்பிட நேர்ந்தது. வண்டியில் அமர்ந்து ஒரு தெருவைக் கடப்பது சிலருக்கு வெறும் பயணம். நம்மவர் பலருக்கு அது வென்றெடுத்த உரிமை.

ஆகவே தடுப்பு எதைத் தடுக்கிறது என்பதே நம் கேள்வி. நடப்பவரும் மிதிவண்டியும் இருசக்கர வாகனமும் தள்ளுவண்டியும் கடந்து செல்ல, குறுக்குவழி தேடும் கார் மட்டும் நிற்குமானால் நமக்கு மறுப்பில்லை. இரும்புக் கதவும் காவலாளியும் பூட்டுமாக அது வந்தால், யார் எவரிடம் பெயரும் ஊரும் கேட்பார் என்பது நமக்குத் தெரியும். அரசமைப்புச் சட்டத்தின் 15ஆவது பிரிவு சாலைகளைக் குறிப்பிட்டே சாதித் தடையை விலக்கியிருக்கிறது. தெருவாசிகள் சங்கம் தீர்மானம் போட்டு அதை மாற்றிவிட இயலாது.

இன்னொன்று. ஒரு தெருவில் அடைக்கப்படும் கார் மறைந்துவிடுவதில்லை. லண்டனில் 2020க்குப் பின் உருவான இத்தகைய குடியிருப்புப் பகுதிகள் குறித்து எழுந்த முதன்மையான எதிர்ப்பே, எல்லைச் சாலைகளில் வசிப்போரின் நிலை பற்றியதுதான். இங்கும் ரத வீதிகளிலிருந்து விலக்கப்படும் வாகனம், குரல் எழுப்பும் சங்கம் இல்லாத குடியிருப்பின் வாசலில் போய் நிற்கக்கூடும். நகராட்சி வரைபடத்தை விரிக்கும்போது, அம்புக்குறிகள் எந்தத் தெருக்களை நோக்கித் திரும்புகின்றன என்பதை முதலில் கேளுங்கள். அந்தத் தெருக்காரர்கள் கூட்டத்துக்கு அழைக்கப்பட்டார்களா என்பதையும் கேளுங்கள்.