அன்றைய துயரமும் இன்றைய சொல்லும்

“அப்போது உங்களுக்கு எப்படி இருந்தது?” நேர்காணலில் நாம் தவறாமல் கேட்கும் கேள்வி இது. “இடிஞ்சே போயிட்டேன் டாக்டர்” என்பார் வந்தவர். ‘நிகழ்வின்போது கடும் துயரம்’ என்று கேஸ் ஷீட்டில் எழுதிவிடுகிறோம். அந்த வரி அன்றைய துயரத்தின் பதிவா, இன்றைய மனநிலையின் பதிவா?

அமெரிக்க அதிபர் தேர்தலில் நின்ற ராஸ் பெரோ, 1992 ஜூலையில் திடீரென விலகி, அக்டோபரில் மீண்டும் களமிறங்கினார். விலகியபோது தங்கள் உணர்வுகளை எழுதித் தந்த ஆதரவாளர்களிடம், தேர்தல் முடிந்தபின் அவற்றை நினைவுகூரச் சொன்னார் உளவியலாளர் லிண்டா லெவின். பெரோவைப் பற்றி இப்போது என்ன கருதினார்களோ, அதற்கேற்பவே அன்றைய சோகமும் கோபமும் அவர்கள் நினைவில் கூடின, குறைந்தன. 2001 செப்டம்பர் 11 தாக்குதல் பற்றிய நீண்டகால ஆய்விலும், செய்தியை எங்கே, யார் சொல்லிக் கேட்டோம் என்பதைவிட, அப்போது என்ன உணர்ந்தோம் என்பதே அதிகம் பிசகியது.

இந்த மாற்றத்துக்கு ஒரு போக்கும் உண்டு. வாக்கர், ஸ்கவ்ரான்ஸ்கி, தாம்சன் ஆகியோரின் நாட்குறிப்பு ஆய்வுகளில், கசப்பான நினைவுகளின் உணர்வு இனிய நினைவுகளின் உணர்வைவிட வேகமாக மங்கியது. பிறரிடம் பேசப் பேசக் கசப்பு மேலும் தணிந்தது. மனச்சோர்வு மிகுந்தவர்களிடமோ இந்தச் சாதகம் குறைந்தே காணப்பட்டது. ஆறுவது மனத்தின் இயல்பு. ஆறாமல் நிற்பதே நாம் கவனிக்க வேண்டிய அறிகுறி.

ஆகவே பேரிடர் நடந்த கையோடு எல்லாரையும் உட்காரவைத்து, நடந்ததை விவரமாகச் சொல்லவைக்கும் ஒற்றை அமர்வு முறையைக் கைவிடுவோம். அது பின்னாளைய மன உளைச்சலைத் தடுப்பதில்லை என்று காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு சொல்லிவிட்டது. தானாக முன்வந்து பேசுபவருக்குக் காது கொடுப்போம். பேச விரும்பாதவரைக் கிண்ட வேண்டாம். ஒரு மாதம் கடந்தும் அதே நடுக்கம், அதே கெட்ட கனவு என்றால் தாமதிக்காமல் முறையான சிகிச்சையைத் தொடங்குவோம்.

கேஸ் ஷீட்டிலும் ஒரு சிறு மாற்றம் தேவை. ‘அன்று உணர்ந்ததாக இன்று கூறுவது’, ‘இப்போது நினைக்கையில் உணர்வது’ என்று இரண்டையும் தேதியிட்டுத் தனித்தனியே எழுதுங்கள். அடுத்தடுத்த வருகைகளில் அதே கேள்வியைக் கேட்டு ஒப்பிடுங்கள். பதில் மாறினால் வந்தவர் பொய் சொல்கிறார் என்று பொருளல்ல. குணமாகிறாரா, தேங்கி நிற்கிறாரா என்பதை அந்த மாற்றமே நமக்குக் காட்டும்.