தராசின் முகம் யார் பக்கம்?

பண்டாரவளை, எல்ல, ஹல்துமுல்லைப் பக்கங்களில் இப்போது சந்திக்குச் சந்தி ஒரு புதிய தொழில் முளைத்திருக்கிறது. சுற்றுலாக்காரர் தங்கும் விடுதி, கையால் உருட்டிய தேயிலையைப் பொதி செய்யும் சிறு ஆலை, நஞ்சில்லா மரக்கறி, பழ ஜாம் என்று வகை பல. இவற்றைத் தொடங்கியவர்கள் வங்கிக் கடனுக்கு அலைந்த கதையைவிட ஆளுக்கு அலைந்த கதையைத்தான் அதிகம் சொல்கிறார்கள். ஆள் வருவதில்லை, வந்தால் நிற்பதில்லை, வேலை பழகியதும் பக்கத்து விடுதிக்காரர் கொஞ்சம் கூட்டிக் கூப்பிட்டால் போய்விடுகிறார்கள் என்பது பொதுப் புலம்பல். பதுளை மாவட்டச் சனத்தொகையில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் தமிழர். அவர்களில் பெரும்பாலோர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்கள். நூறாண்டுக்கு மேலாக உலகச் சந்தைக்குத் தேயிலை அனுப்பிய கைகள் இவர்களுடையவை. இந்த மலையில் ஆள் இல்லை என்பதை எப்படி நம்புவது? ஆள் சேர்க்கும் வித்தை இந்த ஊர்கள் அடங்கிய ஊவா மாகாணத்துக்கு நன்றாகத் தெரியும். சேர்த்த ஆட்களிடம் கணக்கைக் காட்டும் பழக்கம்தான் இங்கே என்றுமே இருந்ததில்லை. புதிய தொழில்களில் குழு நிலைக்காமல் போவதற்கு முதற் காரணம் அதுதான் என்பது என் கருத்து.

ஊவாவின் முதல் ‘புதிய தொழில்’ தோட்டமே. 1890-இல் தேயிலை வணிகர் தோமஸ் லிப்டன் இலங்கைக்கு வந்து அப்புத்தளைப் பக்கத்துத் தோட்டங்களை வாங்கினார். தம்பேதன்னத் தொழிற்சாலை அந்தக் காலத்துக் கட்டடம். அவருடைய விளம்பரத் திறமையை வணிகப் புத்தகங்கள் இன்றும் சிலாகிக்கின்றன. அவர் உட்கார்ந்து தோட்டங்களைப் பார்த்ததாகச் சொல்லப்படும் இடத்துக்குச் சுற்றுலாக்காரர்கள் விடிகாலையிலேயே ஏறுகிறார்கள். கீழே கொழுந்து எடுத்த கூட்டத்தைச் சேர்த்தது யார் என்று அங்கே யாரும் கேட்பதில்லை. சேர்த்தவர் கங்காணி. தென்னிந்தியாவில் தன் ஊரிலும் பக்கத்து ஊர்களிலும் உறவு, சாதி, பழக்கம் பார்த்து ஆள் கட்டினார். பயணத்துக்கும் பாத்திரம் பண்டத்துக்கும் முற்பணம் கொடுத்தார், அதைக் கடனாக எழுதிக்கொண்டார். சில்லறைக் கங்காணிக்கு மேலே பெரிய கங்காணி, அவருக்கு மேலே துரை. வேலைக்கு இறங்கிய ஒவ்வொரு தலைக்கும் கங்காணிக்குத் தலைக்காசு கிடைத்தது. ஒரு குழுவின் தலைவருக்கு இப்படிச் சம்பளம் வைத்தால் அவர் எதைக் கவனிப்பார்? காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பதைத்தான்.

இந்தக் கூட்டம் பலமானதுதான், அதை மறுக்க முடியாது. காடழித்து, கல் புரட்டி, செங்குத்தான மலைகளில் செடி நட்டு, இரண்டொரு தலைமுறைக்குள் ஊவாவின் முகத்தையே மாற்றியது. ஆனால் கட்டி வைத்த கயிறு கடன். அந்தக் கடனுக்கு ஒரு காகிதமும் இருந்தது, அதன் பெயர் ‘துண்டு’. இவ்வளவு கடனைத் தீர்த்தால் இந்த ஆட்களை விடுவிக்கிறேன் என்று ஒரு தோட்டம் எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. அதைக் கையில் வைத்துக்கொண்டு கங்காணி அடுத்த தோட்டத்தில் பேரம் பேசுவார். அங்குள்ள துரை கூடுதல் முற்பணம் கொடுத்துக் கூட்டத்தை எடுத்துக்கொள்வார். ஏறிய தொகை முழுதும் தொழிலாளியின் தலையில் விழும். ஆள் ஓடாமல் தடுக்க வந்த முறை, ஆளை ஏலம் விடும் முறையாகிப்போனது. 1921-இல் சட்டம் போட்டுத் துண்டை ஒழித்தார்கள். பக்கத்து விடுதிக்காரர் ஆளைக் கொத்திக்கொண்டு போகிறார் என்று இன்று புலம்புகிறவர்கள் இந்தக் கதையைக் கொஞ்சம் யோசிக்கலாம். முதல் மாதச் சம்பளத்தைப் பிடித்து வைப்பது, சான்றிதழை வாங்கிப் பூட்டி வைப்பது, திருவிழாவுக்கு முற்பணம் கொடுத்து வருடம் முழுக்கக் கழிப்பது எல்லாம் துண்டின் பேரப்பிள்ளைகள். பாட்டன் தோற்ற இடத்தில் இவை மட்டும் வெல்லும் என்பதற்கு ஓர் ஆதாரமும் இல்லை.

ஆள் சேர்க்கும் கங்காணி போன பிறகும் தலைக்காசின் தர்க்கம் போகவில்லை. 1970-களில் தோட்டங்கள் அரசுடைமையாகி, 1992-இல் 22 பெருந்தோட்டக் கம்பனிகளின் நிர்வாகத்துக்குக் கைமாறின. 2016-ஆம் ஆண்டுக் கூட்டு ஒப்பந்தத்தைப் பாருங்கள். அடிப்படை நாட்சம்பளம் 500 ரூபா, வரவுக்கான ஊக்குவிப்பு 60, விலைப் பங்குக் கொடுப்பனவு 30, உற்பத்தித் திறனுக்கு 140, ஆக மொத்தம் 730. 2019-இல் வரவுப் பணமும் உற்பத்தித் திறன் பணமும் அடிப்படையோடு கரைந்து 700 ஆனது, விலைப் பங்கு 50 ஆனது. பெயரில் ‘விலைப் பங்கு’ இருக்கிறதே தவிர, கொழும்பு ஏலத்தில் விலை ஏறினாலும் இறங்கினாலும் அது அதே 30 ரூபா, அதே 50 ரூபா. ஏறி இறங்காத தொகையைப் பங்கு என்று சொல்வது தமிழுக்குச் செய்த அநியாயம். 2021-இல் சம்பளச் சபை 1,000 ரூபா என்றது, 2024-இல் அது 1,350 ஆனது. 2025 நவம்பரில் முன்வைக்கப்பட்ட வரவுசெலவுத் திட்டம் அதை 1,550 ஆக்கி, அதற்கு மேல் அரசே 200 ரூபா கொடுக்கும் என்று முன்மொழிந்தது. அந்த 200 எதற்கு? வரவுக்கு. தொழிலாளியின் கைக்கு வருகிற எந்த ரூபாவையும் நான் குறை சொல்லவில்லை. போதாது என்றுகூடச் சொல்வேன். ஆனாலும் தலைக்காசிலிருந்து 200 ரூபா வரை, இந்த மலை காசு கொடுத்து வாங்க நினைப்பது ஒரே பொருளைத்தான்: ஆள் வந்து நிற்பதை.

வந்து நின்றவர் என்ன செய்கிறார் என்பதை ஒரு கொழுந்து மலையில் பார்த்தால் விஷயம் விளங்கும். ஊவாத் தேயிலைக்குப் பேரும் விலையும் தருவது ஜூலை முதல் செப்டெம்பர் வரை வீசும் கச்சான் காற்று. காய்ந்த காற்றில் செடி மெதுவாகத் துளிர்க்கிறது, இலையில் அந்தத் தனி வாசனை ஏறுகிறது. சுருக்கமாகச் சொன்னால், கொழுந்து குறையும் காலமே விலை கூடும் காலம். இரண்டு இலை ஒரு மொட்டு என்று பார்த்துக் கிள்ளுகிற விரலுக்கு வேறெந்த மாதத்தையும்விட அப்போதுதான் மதிப்பு அதிகம். தோட்டத்துக் கணக்கோ கிலோவில் ஓடுகிறது. பல தோட்டங்களில் 18 கிலோ, 20 கிலோ என்று இலக்கு வைத்திருக்கிறார்கள். எட்டினால் பேர், அதாவது முழு நாள் கூலி; எட்டாவிட்டால் அரைப் பேர். மட்டக்கம்பை வைத்துச் செடியின் மட்டம் பார்த்து, முற்றிய இலையை ஒதுக்கி நிதானமாக எடுக்கிற பெண் கிலோவில் பின்தங்குகிறாள். வாரி எடுக்கிறவள் முழுப் பேர் வாங்குகிறாள். பிறகு நிறுவை. கூடைக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு என்று கழித்து ஓர் எண்ணை எழுதிக்கொள்கிறார்கள். அந்தக் கழிவு எப்படி வந்தது என்பதுதான் மலைநாட்டின் மிகப் பழைய சச்சரவு. அந்தக் கொழுந்து ஸ்டோருக்குப் போய் என்ன தரத்தில் விழுந்தது, ஏலத்தில் என்ன விலைக்குப் போனது என்பது எடுத்தவளுக்குத் தெரியவே வராது. தன் வேலையின் முடிவு தெரியாதவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் கூலியாள்தான்.

இதே மாகாணத்தில், வேலிக்கு அப்பால் வேறொரு கணக்கு நடக்கிறது. சிறு தோட்டக்காரர் தன் பச்சைக் கொழுந்தைத் தொழிற்சாலைக்கு விற்கும்போது, தேயிலை விற்ற சராசரி விலையில் 68 வீதம் அவருக்கு, 32 வீதம் தொழிற்சாலைக்கு என்று ஒரு சூத்திரம் இருக்கிறது. நாட்டுத் தேயிலையில் 70 வீதத்துக்கு மேல் இன்று சிறு தோட்டங்களின் கொழுந்திலிருந்துதான் வருகிறது. அதற்குப் பல காரணங்கள் உண்டு. நிலம் சொந்தம் என்பது அவற்றில் பெரிது. லயத்துக்காரருக்கு ஏழு பேர்ச் வீட்டுக் காணியே போராட்டமாக இருக்கையில் அந்த ஒப்பீட்டை ஓரளவுக்கு மேல் இழுக்கக் கூடாது. ஆனால் 68 என்ற எண் பத்திரிகை படிக்கிற எவருக்கும் தெரியும், வாய்ப்பாடு தெரிந்த எவரும் அதைச் சரிபார்க்கலாம். எல்லவுக்கு அருகே அம்பதண்டேகமப் பள்ளத்தாக்கிலுள்ள அம்பா தோட்டம் இதை இன்னும் ஓரடி நகர்த்தியிருக்கிறது. கைத்தேயிலையும் ஜாமும் விருந்தினர் விடுதியுமாக நடக்கும் அந்தச் சிறு நிறுவனம், தன் வருமானத்தில் 10 வீதத்தை வேலை செய்பவர்களோடு பகிர்கிறது. இலாபத்தில் அல்ல, வருமானத்தில். இந்த ஒரு சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. இலாபம் என்பது கணக்காளர் தேய்மானம், வட்டி, தலைமையகச் செலவு எல்லாம் கழித்த பின் மிஞ்சுவது. வருமானம் என்பது இன்று எத்தனை பொதி போனது, எத்தனை அறை நிரம்பியது என்பது. பொதி கட்டுகிறவளுக்கும் அறை கூட்டுகிறவனுக்கும் அது கண்ணெதிரே தெரியும்.

பங்கு கொடுத்தால் போதுமே, கணக்கு எதற்கு என்று கேட்பவருக்குக் கேரளத்தின் மூணாறு பதில் சொல்லும். 2005-இல் டாட்டா டீ அங்குள்ள தோட்டங்களை விட்டு விலகியபோது கண்ணன் தேவன் ஹில்ஸ் பிளாண்டேஷன்ஸ் என்ற கம்பனி உருவாகி, அதன் பெரும்பான்மைப் பங்குகள் 12,000-க்கு மேற்பட்ட ஊழியர்களின் பெயருக்கு வந்தன. காகிதத்தில் கொழுந்தெடுக்கும் தமிழ்ப் பெண்களே முதலாளிகள். பத்தே ஆண்டில், 2015 செப்டெம்பரில், அந்த முதலாளிகள் வீதியில் உட்கார்ந்தார்கள். 20 வீதமாக இருந்த போனஸ், இலாபம் சரிந்ததாகச் சொல்லி 10 ஆகக் குறைக்கப்பட்டிருந்தது. ‘பெம்பிளை ஒருமை’ என்று தங்களுக்குப் பெயர் வைத்துக்கொண்ட அந்தப் பெண்கள் கம்பனியை மட்டும் எதிர்க்கவில்லை. தங்கள் பெயரில் பேரம் பேசிய தொழிற்சங்கத் தலைவர்களையும் கிட்ட வர விடவில்லை. ஒன்பது நாளில் 8.33 வீதம் போனஸ், 11.67 வீதம் கருணைத் தொகை என்று முடிந்தது. கூட்டினால் அதே 20. பங்குப் பத்திரம் கையில் இருந்தும் இலாபம் ஏன் குறைந்தது என்ற விளக்கம் அவர்களை நம்பவைக்கவில்லை என்பதே இதில் கவனிக்க வேண்டியது.

கடுமையான மறுப்பு ஒன்று உண்டு. விலை விழுந்தால் என்ன செய்வது? அன்றாடங்காய்ச்சிக் குடும்பத்தின் தலையில் சந்தையின் ஆபத்தை ஏற்றலாமா? ஏற்றக் கூடாது. கூலிக்குப் பதில் வருமானப் பகிர்வு என்று பெருந்தோட்டத் தரப்பிலிருந்து யோசனைகள் வரும்போதெல்லாம் தொழிலாளர் சந்தேகிப்பது இதனால்தான், அந்தச் சந்தேகம் நியாயமானது. சம்பளச் சபை சொல்லும் தொகை தரை; பங்கு அதற்கு மேலே வைக்கும் மாடி. தரையைப் பெயர்த்து மாடி கட்டச் சொன்னால் யாரும் ஏறமாட்டார்கள். இன்னொரு மறுப்பு வீட்டுக்குள்ளிருந்து வருகிறது: அந்நியரிடம் ஏன் கணக்கைத் திறக்க வேண்டும், சொந்தக்காரரை வைத்து நடத்தினால் போயிற்று. புதிய தொழிலின் முதல் வருடத்தில் சொந்தம் கைகொடுக்கும், பொய்யில்லை. சம்பளம் பிந்தினாலும் மச்சான் வருவார். ஆனால் கங்காணியின் கூட்டமும் சொந்தக்காரக் கூட்டம்தான். கடன் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று அதில் ஒருவரும் கேட்கவில்லை, ஏனென்றால் மாமாவிடம் கணக்குக் கேட்பது மரியாதை இல்லை. சொந்தம் வரவை உறுதிப்படுத்தும், கேள்வியை விழுங்கிவிடும். கேள்வி இல்லாத கடையில் பிழை வெளியே தெரிய வருவதற்குள் பருவம் முடிந்துவிடும்.

கணக்குத் தெரிந்தவர் கூடுதலாகக் கேட்பார், அல்லது கற்றுக்கொண்டு தானே கடை போட்டுவிடுவார் என்ற பயமும் உண்மையானதுதான். சிலர் போவார்கள். ஆனால் போகிறவர்கள் பெரும்பாலும் எதற்காகப் போகிறார்கள் என்றும் பார்க்க வேண்டும். தோட்டத்தில் கொழுந்தெடுப்பவர்கள் பெண்கள். கங்காணியும் கணக்கப்பிள்ளையும் டீமேக்கரும் பெரும்பாலும் ஆண்கள். இருபது வருடம் எடுத்தாலும் அவள் நிற்கும் படி அதே படி. அவளுடைய பிள்ளை உயர்தரம் எழுதிவிட்டுக் கொழும்புக் கடைக்கோ மத்திய கிழக்குக்கோ போவது சம்பளத்துக்காக மட்டுமல்ல. இங்கே ஏறுவதற்குப் படியே இல்லை. பதுளையில் 2005-இல் நிறுவப்பட்ட ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் இயங்குகிறது, தேயிலைத் தொழில்நுட்பத்தில் பட்டமும் தருகிறது. பத்துப் பேர் வேலை செய்யும் ஒரு புதிய ஆலை, அப்படிப் படித்த ஒருவரையும் கச்சான் காலத்து இலையை விரலால் அறிந்த ஒரு பெண்ணையும் ஒரே மேசையில் உட்கார வைத்தால், அந்த மேசைக்குப் பெரிய கம்பனி எதுவும் இலகுவில் போட்டியாக வர முடியாது. அந்தப் பெண்ணுக்குக் கணக்குப் புரியாது என்பவர்கள், சம்பள நாளில் லயத்து வாசலில் கடைக் கடன், சீட்டு, பிள்ளையின் டியூஷன் காசு மூன்றையும் மனக்கணக்காகவே பிரித்து வைப்பவர் யார் என்று பார்த்துவிட்டுப் பேசலாம்.

பெருந்தோட்டக் கம்பனிகள் இதைச் செய்யும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஆயிரக்கணக்கான தொழிலாளர், பழைய ஒப்பந்தங்கள், பழைய சந்தேகங்கள். அவை மெதுவாகத்தான் அசையும். ஹல்துமுல்லையில் பத்துப் பேருடன் தொடங்கும் ஆலைக்கு அந்தச் சுமை இல்லை. அது தராசின் முகத்தை நிறுப்பவருக்கும் எடுத்து வந்தவருக்கும் ஒருசேரத் தெரியும்படி மாட்டலாம். கழிவு எவ்வளவு, ஏன் என்று பக்கத்தில் எழுதி வைக்கலாம். விற்ற விலையை மாதம் ஒரு தாளில் தமிழிலும் சிங்களத்திலும் ஒட்டலாம். ஜூலையில் கச்சான் எழும்பும்போது கிலோ இலக்கை இறக்கி, தரத்துக்கு விலை வைக்கலாம். செப்டெம்பர் முடிவில் அந்தத் தாளைப் பார்த்து, கொழுந்தெடுத்த பெண்ணொருத்தி விரலை வைத்து, “இந்த எண் பிழை” என்று சொல்வாளாக இருந்தால், சொன்ன பிறகும் மறுநாள் காலை வேலைக்கு வருவாளாக இருந்தால், அந்த ஆலையில் ஒரு குழு உருவாகியிருக்கிறது.