முற்றமும் ஒரு பள்ளிக்கூடமே

பெற்றோரைச் சந்திக்கும் நாட்களிலே ஆசிரியராகிய நாம் அடிக்கடி கேட்கும் முறைப்பாடு ஒன்று உண்டு. "பிள்ளை கெட்டிக்காரன்தான், மாஸ்ரர், ஆனால் விளையாட்டிலேயே பொழுதைப் போக்குகிறான்" என்பதே அது.

இவ்வாறு கூறுவோர் பிள்ளையிடத்து அன்பில்லாதவரல்லர். ஐந்தாந்தரப் புலமைப்பரிசிற் பரீட்சை அண்மிவிட்டதே என்னும் கவலையே அவர்களை அங்ஙனம் பேசவைக்கின்றது. பாடசாலை விட்டதும் தனியார் வகுப்பு. இரவிலே மாதிரி வினாத்தாள். ஞாயிற்றுக்கிழமையும் இதற்கு விலக்கன்று. பத்து வயதுப் பிள்ளையொன்றின் நாளிலே விளையாட்டுக்கென எஞ்சுவது யாது? எஞ்சும் சிறுபொழுதையும் கைத்தொலைபேசி விழுங்கிவிடுகின்றது. பரீட்சையில் நூற்றுக்குத் தொண்ணூறு பெறும் பிள்ளை, அருகிலிருக்கும் தோழன் தொண்ணூற்றொன்று பெற்றால் அதனைப் பொறுக்கமாட்டாது அழுவதையும், அழும் தோழனைக் கண்டு ஒன்றுந் தோன்றாது நிற்பதையும் நாம் வகுப்பறையிலே காண்கின்றோம். இக்குறையைப் புள்ளிப் பத்திரம் காட்டுவதில்லை. எனினும், அப்பிள்ளை வளர்ந்து கணவனாகவோ மனைவியாகவோ, அதிகாரியாகவோ அயலவராகவோ வாழும் காலத்திலே அது வெளிப்படாமற் போகாது.

விளையாட்டு என்னும் சொல்லையே நாம் இக்காலத்தில் இழிவாக வழங்குகின்றோம். பொறுப்பில்லாதவனை 'விளையாட்டுப் புத்தியுள்ளவன்' என்கின்றோம். நம் முன்னோர் அவ்வாறு கருதினாரல்லர். பிள்ளைத்தமிழ் என்னும் பிரபந்தத்தை எண்ணிப் பார்ப்போம். அதன் பத்துப் பருவங்களுள் இறுதி மூன்றும் விளையாட்டுக்கே உரியவை. ஆண்பாற்குச் சிறுபறை, சிற்றில், சிறுதேர் என்பன. பெண்பாற்குக் கழங்கு அல்லது அம்மானை, நீராடல், ஊசல் என்பன. அவற்றுள்ளும் சிற்றிற் பருவம் ஆழ்ந்து நோக்கத்தக்கது. சிறுமியர் மணலிலே சிறுவீடு கட்டுகின்றனர். சிறுவன் அதனைக் காலால் அழிக்க வருகின்றான். அப்போது புலவர் பேசுவது அச்சிறுவன் குரலிலன்று. வருந்திக் கட்டிய வீட்டைக் காக்க வேண்டிநிற்கும் சிறுமியர் குரலிலே பேசுகின்றார். பாட்டுடைத் தலைவன் தெய்வமேயாயினும், பிறர் உழைப்பை உணருமாறு அவனிடமும் வேண்டுதல் விடுக்கப்படுகின்றது. பிறர் நிலையில் நின்று காணும் பயிற்சி விளையாட்டு மணலிலேயே தொடங்குகின்றது என்பதை இதனினும் அழகாகக் காட்டல் அரிது.

இனி, இக்காலத்து உளவியலறிஞர் கண்டவற்றைச் சிறிது நோக்குவோம்.

குழந்தை பிறந்தவுடனேயே பிறரோடு கூடி விளையாடத் தொடங்குவதில்லை. அமெரிக்காவின் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த சிறுவர் நிலையத்திலே மில்ட்றெட் பார்ட்டன் என்னும் அம்மையார் குழந்தைகளின் விளையாட்டை உற்றுநோக்கி, 1932 ஆம் ஆண்டில் தம் ஆய்வை வெளியிட்டார். குழந்தை முதலில் தனியே விளையாடும்; பின்னர் மற்றொரு குழந்தையின் பக்கத்தே இருந்து, ஆனால் தன்பாட்டில் விளையாடும்; அதன்பின் பொருளையும் பேச்சையும் பரிமாறும்; ஈற்றிலே ஒரே நோக்கத்துடன் வேலையைப் பங்கிட்டுக் கூடி விளையாடும். இம்முறையை அறிந்த தாய், இரண்டு வயது மகள் தன் பொம்மையை அயல்வீட்டுப் பிள்ளைக்குக் கொடுக்கவில்லையே என்று நாணி அவளை அடிக்கமாட்டாள். அஃது அவ்வயதின் இயல்பு. பக்கத்தே இருந்து விளையாட இடங்கொடுத்தால், பங்கிடும் குணம் காலத்தில் தானே அரும்பும்.

பிறர் மனத்தில் உள்ளது தன் மனத்தில் உள்ளதினும் வேறாக இருக்கக்கூடும் என்பதும் குழந்தைக்கு முதலில் விளங்குவதன்று. விம்மர், பெர்னர் என்னும் அறிஞர் இருவர் 1983 இல் வெளியிட்ட ஆய்வொன்று இதனைத் தெளிவுறுத்தியது. ஒரு சிறுவன் சொக்கலேற்றை ஓர் அலுமாரியில் வைத்துவிட்டு வெளியே செல்கின்றான். அவன் இல்லாத வேளையிலே தாய் அதனை வேறோர் அலுமாரிக்கு மாற்றிவிடுகின்றாள். திரும்பி வரும் சிறுவன் அதனை எங்கே தேடுவான்? இக்கதையைக் கேட்ட மிகச் சிறிய பிள்ளைகள், பொருள் உண்மையில் இருக்கும் இடத்தையே சுட்டினர். தாம் அறிந்ததை அவனும் அறிவான் என்பது அவர்தம் எண்ணம். நான்கு வயதை ஒட்டியும் அதற்குப் பின்னருமே, 'அவன் அதனை அறியான்' என்னும் தெளிவு பிள்ளைகளிடத்து மெல்லத் தோன்றுகின்றது. ஒளித்துப் பிடித்து விளையாடும் சிறுபிள்ளை தன் கண்களை மாத்திரம் பொத்திக்கொண்டு, தன்னை ஒருவரும் காணார் என்று நிற்பதைக் கண்டு நாம் சிரிக்கின்றோமல்லவா? அப்பிள்ளையே ஓரிரு ஆண்டுகள் கழிந்ததும், தேடுபவன் எங்கே பார்ப்பான், எங்கே பாரான் என்று கணித்து ஒளித்துக்கொள்கின்றது. பிறர் கண்ணாற் பார்க்கக் கற்றுவிட்டது என்பதே இதன் பொருள்.

சுவிற்சர்லாந்து நாட்டு அறிஞர் பியாசே, சிறுவரின் ஒழுக்கவுணர்வை ஆராயப் புகுந்தபோது கோயிலுக்கோ நீதிமன்றத்துக்கோ சென்றாரல்லர். போளை விளையாடும் சிறுவரிடமே சென்றார். அவ்வாய்வை உள்ளடக்கிய நூல் 1932 இல் வெளிவந்தது. இளஞ்சிறுவர் விளையாட்டு விதிகளை மாற்றவொண்ணாக் கட்டளைகளென எண்ணினர். வளர்ந்த சிறுவரோ, அனைவரும் உடன்பட்டால் விதியை மாற்றலாம் என்பதையும், உடன்பட்டபின் மீறுதல் தகாது என்பதையும் உணர்ந்திருந்தனர். இவ்வுணர்வைப் பெரியோர் புகட்டியதினும், ஒத்த வயதினர் தம்முள் வாதாடிப் பெற்றதே அதிகம் என்பது அவர் கண்ட முடிபு. நம்மூர் வளவுகளிலே போளைக் குழியருகே 'பட்டது, படவில்லை' என்று எழும் சச்சரவும் இத்தகைய கல்வியே. ஓடிச் சென்று தீர்ப்புக் கூறும் தந்தை, பிள்ளைகள் தாமே தீர்ப்புக் காணும் வாய்ப்பைப் பறித்துவிடுகின்றார். கைகலப்பு நேராதவரை சற்றுப் பொறுத்திருத்தலே நன்று.

ருசிய அறிஞர் வைகொட்ஸ்கி 1933 இல் ஆற்றிய விரிவுரையொன்றிலே மற்றோர் உண்மையைக் காட்டினார். விளையாட்டு, விரும்பியவாறு நடப்பதற்கான களமன்று. விருப்பத்தை அடக்கப் பழகும் களம் என்பதே அது. சிரட்டையிலே மண்சோறு ஆக்கி விளையாடும் சிறுமியைப் பாருங்கள். அவள் தாயாகிவிட்டாள். ஆகவே தனக்கு முன்னே 'பிள்ளைக்கு' ஊட்டவேண்டும், பசித்தாலும் பொறுக்கவேண்டும், 'பிள்ளை' அழுதால் தாலாட்டவேண்டும். மெய்வாழ்விலே இரண்டு நிமிடம் பொறுமை காட்டாத குழந்தை, ஏற்ற வேடத்துக்காக நெடும்பொழுது பொறுமை காக்கின்றது. அடுத்தவராக மாறி நிற்கும் இவ்வேடமே அடுத்தவர் துன்பத்தை உணரும் வாயிலாகின்றது.

கூட்டு விளையாட்டுக்கு நம் கிளித்தட்டினும் சிறந்த உதாரணம் வேண்டுமோ? மறிப்பவர் ஒவ்வொருவரும் தத்தம் கோட்டிலேயே நிற்கவேண்டும். கிளியோ நடுக்கோட்டு வழியே ஓடித்திரியலாம். உள்ளே புகுந்தவர்களுள் ஒருவன் மறிப்பவனின் கவனத்தைத் தன்பால் இழுக்க, மற்றவன் அடுத்த தட்டுக்குப் பாய்கின்றான். தான் அகப்படும் அபாயத்தை ஏற்றுத் தோழனுக்கு வழிதிறக்கும் இச்செயலை எந்தப் பாடநூல் கற்பிக்கும்? தனியொருவனாய்த் திரையை நோக்கி விரலசைப்பவனுக்கு இது கிட்டுமா?

ஆயினும், விளையாட்டெல்லாம் தானாகவே நற்குணத்தை விளைவிக்கும் என்று கூறுவோமாயின் அஃது உண்மையாகாது. விளையாட்டிடத்திலே கொடுமையும் உண்டு. இரு தலைவர்கள் நின்று ஆள் பிரிக்கும்போது, ஈற்றிலே ஒருவரும் அழையாது நிற்கும் ஒரு பிள்ளை ஏறக்குறைய எல்லா வகுப்பிலும் உண்டு. மெதுவாக ஓடுபவன், திக்கிப் பேசுபவன், புதிதாக ஊருக்கு வந்தவன், வறியவன், இவர்களுள் ஒருவனாகவே அவன் பெரும்பாலும் இருப்பான். நிலத்தைப் பார்த்து நிற்கும் அம்முகத்தை ஒருமுறை கண்டவர் எளிதில் மறவார்.

இதற்குப் பரிகாரம் தேடியவர்களுள் சிக்காகோ நகரத்துச் சிறுவர் பள்ளி ஆசிரியை விவியன் பேலி ஒருவர். 'நீ விளையாட வரக்கூடாது என்று எவரும் எவரிடமும் கூறலாகாது' என்பதை அவர் தம் வகுப்பின் விதியாக்க எண்ணினார். உடனே கட்டளையிட்டாரல்லர். தம் மாணாக்கரிடமும் மேல்வகுப்பு மாணவரிடமும் சென்று, இவ்விதி நியாயமா, நடைமுறைக்கு ஏற்குமா என்று வினவி, அவர்தம் ஐயங்களையெல்லாம் கேட்டு, அதன்பின்னரே நடைமுறைப்படுத்தினார். அவ்வனுபவத்தை 1992 இல் நூலாக வெளியிட்டார். அன்பு கொள்ளுமாறு எவரையும் கட்டாயப்படுத்தல் இயலாது. ஆனால் ஒருவரையும் ஒதுக்காதிருத்தலை வழக்கமாக்கலாம். வழக்கத்தின் பின்னே அன்பும் வந்து சேரும்.

கனடாவின் ரொறன்ரோ நகரிலே 1996 இல் மேரி கோர்டன் என்னும் அம்மையார் தொடங்கிய முயற்சியும் இங்கே குறிப்பிடத்தக்கது. அயலிலுள்ள ஒரு தாயோ தந்தையோ தம் கைக்குழந்தையுடன் ஆண்டு முழுவதும் இடையிடையே வகுப்பறைக்கு வருவர். குழந்தை ஏன் அழுகின்றது, எதனைக் கண்டு அஞ்சுகின்றது என்று மாணவர் உற்றுநோக்கிப் பேசுவர். பேசத் தெரியாத குழந்தையின் மனத்தை ஊகிக்க முயலுமிடத்து, தம் மனத்துக்கும் பெயரிடக் கற்கின்றனர். கூட்டுக்குடும்பமாய் வாழ்ந்த நம்மவருக்கு இது புதிதன்று. தம்பியைத் தொட்டிலாட்டிய அக்காமார் எல்லாரும் இப்பாடத்தைப் படித்தவர்களே. குடும்பங்கள் சிறுத்துவிட்ட இந்நாளில் அதனை நாம் முயன்று தேடவேண்டியுள்ளது.

நம் நாட்டுக்கு இவ்விடயம் வெறும் கல்விப் பொருளன்று. 2009 இல் முடிவுற்ற நெடும்போரிலே, பதுங்குகுழியிலும் அகதி முகாமிலும் குழந்தைப் பருவத்தைக் கழித்தவர்கள் இன்று தாய் தந்தையராய் உள்ளனர். போர் நடந்த காலத்திலேயே, 1996 ஆம் ஆண்டில், மட்டக்களப்பிலே வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா தொடங்கப்பட்டது. தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் அங்கே ஒன்றுகூடி மண்ணிலும் வண்ணத்திலும் கதையிலும் நாடகத்திலும் ஈடுபட்டனர். சொல்லால் வெளியிடவியலாத துயரத்தை விளையாட்டின் வாயிலாக வெளியிட்டனர். அச்சத்துடன் நோக்கப் பழக்கப்பட்ட மற்றைய ஊர்ப் பிள்ளையைத் தோழனாகக் கண்டனர். விளையாட இயலாது வளர்ந்த தலைமுறை, 'என் பிள்ளையாவது முன்னேறவேண்டும்' என்னும் ஏக்கத்தினாலே அப்பிள்ளையின் விளையாட்டையும் பறித்துவிடுமாயின், போர் பறித்ததை நாமே இரண்டாம் முறையும் பறித்தவராவோம். ஓய்வும் விளையாட்டும் பிள்ளையின் உரிமை என்று 1989 ஆம் ஆண்டின் சிறுவர் உரிமைச் சமவாயம் தன் 31 ஆம் உறுப்புரையிலே கூறுகின்றது. அதனை 1991 இல் இலங்கையும் ஏற்றுக்கொண்டது.

ஆகவே, பெற்றோர்க்குச் சிலவற்றைக் கூற விரும்புகின்றோம். நாள்தோறும் ஒரு மணிநேரமாயினும் பிள்ளை பிற பிள்ளைகளோடு கூடி விளையாடட்டும். பரீட்சை ஆண்டிலும் அதனை நிறுத்தவேண்டா. பெண்பிள்ளையை வீட்டுவேலைக்கெனத் தடுத்துவிட்டு ஆண்பிள்ளையை மாத்திரம் அனுப்புதல் தகாது. பிள்ளை தோற்று வந்து அழுமிடத்து, 'இதற்கும் அழுவதா?' என்று இகழாமலும், 'அவன் கள்ளாட்டம் ஆடியிருப்பான்' என்று பிறரைப் பழியாமலும், 'தோற்றது கவலையாக இருக்கின்றதா?' என்று கேளுங்கள். உணர்ச்சிக்குப் பெயரிடத் தெரிந்த பிள்ளை அதனை அடக்கவும் பழகும். தம்பியை அடித்த மகனை, 'நீ பொல்லாதவன்' என்று வைவதினும், 'அவன் முகத்தைப் பார், எவ்வளவு நொந்திருக்கும்!' என்று காட்டுதல் பயன் தரும். முன்னையது அவனைத் தன்னைப்பற்றி மாத்திரம் எண்ணச் செய்யும். பின்னையது தம்பியைப்பற்றி எண்ணச் செய்யும்.

மாணவர்களே, உங்களுக்கும் ஒரு சொல். சிறுபிள்ளையொன்று விளையாட வந்தால் 'ஒப்புக்குச் சப்பாணி' என்று சேர்ப்பது நம்மிடையே உள்ள வழக்கம். அதனை ஏளனமாகவும் செய்யலாம், அருளுடனும் செய்யலாம். பந்து ஒருமுறையாயினும் அதன் கைக்குச் சேருமாறு எறிந்தால் அஃது அருள். திருவள்ளுவர் கண்ணோட்டம் என்னும் அதிகாரத்தை, ஆள்வோர்க்குரிய அரசியல் என்னும் இயலிலேயே வைத்துள்ளார். வலிமை உடையவனுக்கே இரக்கம் முதலில் வேண்டும் என்பது இதனாற் போதரும். அணித்தலைவனாய் நின்று ஆள் பிரிக்கும் நாளிலே நீங்களும் சிறிது நேரத்துக்கு அரசரே. ஒருவரும் அழையாது நிற்கும் அத்தோழனை, அடுத்த முறை முதலாவதாக அழைத்துப் பாருங்கள். அவன் எவ்வளவு வேகமாக ஓடுகின்றான் என்பதை அன்று காண்பீர்கள்.