கையெழுத்து மாதிரி ஒரு ஃபாண்ட்: எங்கே போடலாம், எங்கே கூடாது?

முகப்பேர் கிழக்கில் ஆரம்பித்து மேற்கு வரை நடந்தால் மூன்று வகை எழுத்துகளைப் பார்க்கலாம். ஒன்று, அட்டையில் ஸ்கெட்ச் பேனாவால் எழுதி கேட்டில் கட்டிய 'வீடு வாடகைக்கு'. இரண்டாவது, கட்டை கட்டையான எழுத்தில் அடித்த ஃபிளெக்ஸ் போர்டு. மூன்றாவதுதான் இந்தப் பதிவின் கதாநாயகன்: கணினியில் அடித்தது, ஆனால் யாரோ பேனாவால் கிறுக்கிய மாதிரி தெரியும் ஃபாண்ட். கேக் கடை, டியூஷன் நோட்டீஸ், பிறந்தநாள் பேனர் எல்லாவற்றிலும் இதைப் போட ஆசைப்படுகிறார்கள்.

இது நல்லதா கெட்டதா என்று கேட்டால் பதில் சொல்வது கஷ்டம். எங்கே போடுகிறோம் என்று கேட்டால் சுலபம்!

இதற்கு உலகப் புகழ் பெற்ற உதாரணம் காமிக் சான்ஸ். மைக்ரோசாஃப்டில் வேலை பார்த்த வின்சென்ட் கானெர் 1994-இல் உருவாக்கியது. ஒரு மென்பொருளில் கார்ட்டூன் நாய் பேசுகிறது. அதன் பேச்சு பலூனில் இருந்ததோ டைம்ஸ் நியூ ரோமன். நாய் இப்படியா பேசும் என்று அவருக்கு உறுத்தியது. காமிக்ஸ் புத்தகங்களைப் பார்த்துப் புது எழுத்து வரைந்தார். அந்த மென்பொருளுக்கு அது நேரத்தில் போய்ச் சேரவில்லை என்பது வேறு விஷயம். பிறகு விண்டோஸோடு சேர்ந்து ஊர் ஊராகப் போய், அறிவிப்புப் பலகை வரை ஏறி உட்கார்ந்தது. 2012 ஜூலை 4 அன்று செர்ன் ஆய்வகத்தில் ஹிக்ஸ் போஸான் பற்றிய அறிவிப்பு வந்தபோது, ஒரு விஞ்ஞானியின் ஸ்லைடுகள் காமிக் சான்ஸில் இருந்தன. துகளை விட்டுவிட்டு ஃபாண்டைக் கிண்டல் செய்தவர்கள் ஏராளம். நாய்க்காக வரைந்த எழுத்தை இயற்பியலுக்குப் போட்டால் அதுதான் நடக்கும்.

சரி, தமிழுக்கு வருவோம். காமிக் சான்ஸில் தமிழ் எழுத்துகளே கிடையாது. அதைத் தேர்ந்தெடுத்துத் தமிழில் அடித்தால், கணினி சத்தமில்லாமல் லதா, நிர்மலா மாதிரி வேறொரு ஃபாண்டை எடுத்துப் போட்டுவிடும். தமிழுக்குத் தனியாக ஒருவர் உட்கார்ந்து வரைந்தால்தான் உண்டு.

அப்படி வரைவதும் லேசான வேலை இல்லை. ஆங்கிலத்தில் கையெழுத்து என்றால் எழுத்துகள் கைகோத்துக்கொண்டு ஓடும். தமிழில் பெரும்பாலும் ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக நிற்கும். எழுதுபவரின் அடையாளம் சாய்வில், சுழியில், புள்ளி வைக்கும் இடத்தில் இருக்கும். வயதானவர்களின் கடிதங்களில் ணை, லை, ளை, னை நான்கும் தும்பிக்கை தூக்கி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். பெரியார் 1935-லேயே குடியரசு இதழில் மாற்றிக் காட்டிய இந்த எழுத்துகளை, 1978-இல்தான் தமிழக அரசு ஆணை போட்டு மாற்றியது. அச்சு மாறிவிட்டது, பழகிய கை அவ்வளவு சீக்கிரம் மாறவில்லை.

இந்த வகையில் சொல்ல வேண்டியது கவிவாணர் என்ற எழுத்துரு. இலங்கையைச் சேர்ந்த தாரிக் அஸீஸ் வடிவமைத்தது. சாய்வாக, கையால் எழுதியது போல ஓடும். கூகுள் ஃபாண்ட்ஸில் இலவசம். கடை போர்டு உள்பட வியாபாரத்துக்கும் பயன்படுத்தலாம்.

ஆனால் எந்தக் கையெழுத்து ஃபாண்டுக்கும் ஒரு சிக்கல் உண்டு. 'பப்பாளி' என்று கையால் எழுதினால் மூன்று 'ப'வும் மூன்று விதமாக வரும். ஃபாண்டில் மூன்றும் அச்சு அசல் ஒன்றே. மாற்று வடிவங்களைச் சேர்த்து இதைச் சமாளிக்கலாம். ஆனால் ஒவ்வொரு எழுத்தையும் இரண்டு மூன்று முறை வரைய வேண்டும். அதனால் நாலு வார்த்தைக்கு அழகாக இருப்பது நாற்பது வரிக்குப் போலியாகத் தெரியும்.

எனவே வாழ்த்து அட்டை, காமிக்ஸ் பலூன், வீட்டு ஊறுகாய் பாட்டிலின் லேபிள், நோட்டீஸின் தலைப்பு... இங்கெல்லாம் தாராளமாகப் போடலாம். ஒரு மனிதர் நேரில் பேசுகிற இடங்கள் இவை. வாடகை ஒப்பந்தம், சீட்டு விதிமுறை, மருந்து அளவு, ரசீது ஆகியவற்றில் கூடவே கூடாது. எ, ஏ இரண்டுக்கும் நடுவே இருப்பது ஒரு சின்னக் கோடு. 'ர'வும் துணைக்காலும் நேராக நிற்கும்போதே குழப்பும்; சாய்த்தால் கேட்கவே வேண்டாம். அங்கே அழகு தவறினால் பரவாயில்லை. ஒரு எழுத்து தவறினால் யாருக்கோ பணமோ உடம்போ போகும்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. கையெழுத்து ஃபாண்ட் விற்பது ஒரு மனிதரின் கையை. அது யாருடைய கை? 2024-இல் மறைந்த ஹனிஃப் குரேஷி, தெருவில் போர்டு எழுதும் பெயின்டர்களின் எழுத்துகளைத் தேடிப் பிடித்து டிஜிட்டல் எழுத்துருவாக மாற்றினார். 'பெயின்டர் கஃபீல்' என்று அந்த ஓவியரின் பெயரையே எழுத்துருவுக்கு வைத்தார். பாடி, அம்பத்தூர், முகப்பேர் சுவர்களில் எழுதிய ஆர்ட்டிஸ்டுகளிடமும் அப்படிப் போய்க் கேட்கலாம். பெயரும் வருமானத்தில் ஒரு பங்கும் அவர்களுக்குப் போகலாம். ஃபிளெக்ஸ் வந்து அவர்கள் பிழைப்பைப் பாதியாக்கிய பிறகு, அவர்கள் கையை மட்டும் இலவசமாக நகல் எடுத்துக்கொள்வது நியாயமான வியாபாரம் இல்லை.

பட்ஜெட்டில் இடம் இருந்தால் அடுத்த கடை போர்டை ஒரு ஆர்ட்டிஸ்டிடமே கொடுத்துப் பாருங்கள். மூன்று 'ப'வும் மூன்று விதமாக வரும்!